முற்றத்துப் பனையும் ஒரு கிழமைக் கணக்கும்



அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஓய்வுபெறும் நாள் என்று ஒன்று உண்டு. கடிதம் வரும், மாலை போடுவார்கள், மாதாமாதம் ஓய்வூதியமும் கிடைக்கும். பனையோலையில் பெட்டியும் பாயும் இழைத்துப் பிழைத்த எம்மைப் போன்ற பெண்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பெருவிரல் மூட்டு மடங்க மறுத்து, ஈர்க்கின் நுனி இரண்டாகத் தெரியத் தொடங்கினால் அதுதான் எமக்கு ஓய்வு. எனக்கு அது வந்து ஐந்து வருடங்களாகின்றன. இப்போது வயது எழுபத்தொன்று.

ஓய்வு என்றால் சும்மா இருப்பது என்று சிலர் நினைக்கலாம். மகள், பேத்தி, பேரன் ஆகிய மூவரோடு பூநகரிப் பக்கத்தில் நான் வாழும் வாழ்க்கையில் சும்மா இருக்கும் நாள் ஒன்றும் கிடையாது. இந்த மாசி மாதத்தில் ஒரு கிழமை எப்படிப் போனது என்பதையே இங்கே எழுதுகிறேன். அந்தக் கிழமையில் எமது வீட்டில் எழுந்த கேள்வி உங்களில் பலருடைய வீட்டிலும் எழுந்திருக்கும்: கடனை அடைக்க முற்றத்தில் நிற்பதை விற்பதா, விடுவதா?

திங்கட்கிழமை

கிழமையின் முதல் வேலை கிழங்குப் பாத்தி கிண்டுவது. போன ஆவணியிலும் புரட்டாதியிலும் மரத்தின் கீழ் விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கி, களியைப் பிழிந்து பனாட்டுக்கு எடுத்துவிட்டு, விதைகளைப் பாத்தியில் அடுக்கியிருந்தோம். 600 விதை வைத்ததில் 450 வரை நல்ல கிழங்கு. மகள் அரிவு வெட்டுக்கு வயலுக்குப் போய்விட்டாள். பாத்தியைக் கிண்டியது பேரன்தான். நான் பலகையில் இருந்துகொண்டு கிழங்கின் தோலை உரித்தேன். அதற்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை, கைக்கே தெரியும்.

உரித்த கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பாதியை ஒடியலுக்கும் பாதியை அவிக்கவும் பிரித்தோம். இரவு மொட்டைக்கறுப்பன் அரிசிமாவில் புட்டு. அவித்தது நானே இழைத்த நீத்துப்பெட்டியில். எட்டு வருடமாகியும் விளிம்பில் ஒரு பொத்துக்கூட விடவில்லை.

செவ்வாய்க்கிழமை

காலையில் மர வியாபாரி ஒருவர் வந்தார். வரச்சொன்னது மகள். எமது காணியில் ஏழு பனைகள் நிற்கின்றன. ஐந்து பெண் பனை, இரண்டு ஆண் பனை. அவர் நிமிர்ந்த பெண் பனைகளாகப் பார்த்து நாலைத் தட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, மரம் ஒண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தாறன். நாலும் வைரம் பாய்ஞ்ச மரம். கையில காசு" என்றார்.

நாலு மரத்துக்கும் 48,000 ரூபா. மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். பேத்தியின் உயர்தரப் படிப்புச் செலவுக்கும் கூரைத் திருத்தத்துக்குமாக ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 60,000 ரூபா எடுத்திருந்தாள். கிழமைக்கு 1,500 ரூபா வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். 20 கிழமை கட்டியாகிவிட்டது. மிச்சம் 32 கிழமை. அதுவும் சரியாக 48,000.

"அம்மா, வியாழக்கிழமை எண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்குது. ஒரேயடியாக் கட்டி முடிச்சால் நிம்மதியாப் படுப்பன்" என்றாள்.

அவளுடைய சொல்லைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2009 வைகாசிக்குப் பிறகு மருமகன் வரவில்லை. அன்று பேத்தி கைக்குழந்தை. பேரன் பிறந்ததே அந்த வருடம் கார்த்திகையில், செட்டிகுளம் முகாமில். அன்று தொடக்கம் இந்த வீட்டைச் சுமப்பவள் அவள். ஒரு கையில் புருஷனைத் தேடும் கோவை, மறு கையில் அரிவாள்.

வியாபாரியிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன். "பெண் பனை தறிக்கிறதுக்கு அனுமதி எடுக்கவேணும், தம்பி. அதையும் நீங்கள் யோசியுங்கோ" என்றும் சொன்னேன். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. சகோதரிகளே, உங்கள் காணிக்கு யாராவது மரம் கேட்டு வந்தால் இதை நினைவில் வையுங்கள். பின்னர் வழக்கு என்று வந்தால் காணிக்காரியையும் கேட்பார்கள்.

புதன்கிழமை

பேத்தியிடம் ஒரு கொப்பியை எடுத்துவரச் சொன்னேன். ஒரு பக்கத்தில் கடன், மற்றப் பக்கத்தில் பனை என்று எழுதச் சொன்னேன்.

பனைப் பக்கத்தை எழுத எழுத எனக்குப் பழைய நினைவுகள் வந்தன. 2008 இன் கடைசியில் நாங்கள் இந்த வளவை விட்டு வெளிக்கிட்டபோது பத்தொன்பது பனைகள் நின்றன. முகாமிலிருந்து 2010 இல் திரும்பி வந்தபோது நின்றவை ஏழு. வன்னியெங்கும் பனைகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பதுங்குகுழிக்கு மூடுமரமாகப் போனவை பல, எறிகணை பட்டு வட்டு முறிந்து மொட்டையாக நின்றவை பல. வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. தந்த தகரத்துக்குக் கீழே வெக்கை தாங்காமல் பிள்ளைகள் அழுதபோது, அந்த ஏழு மரத்து ஓலையைத்தான் வெட்டித் தகரத்தின்மேல் போட்டோம். வேலி அடைத்ததும் அந்த ஓலையால்தான். முதன்முதலாக என் கைக்குக் காசு வந்ததும் அந்த மரங்களின் குருத்தோலையில் இழைத்த பெட்டிகளால்தான். 2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, அந்தப் பெட்டிகளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது.

ஆனால் நன்றிக்கணக்கு வேறு, காசுக்கணக்கு வேறு. இரண்டையும் கலக்கக்கூடாது என்று பேத்திக்குச் சொன்னேன். நாலு பெண் பனையால் வருடத்துக்கு என்ன வருகிறது? நுங்கு, பழம், பனாட்டு, கிழங்கு, ஒடியல். வேலி ஓலை, விறகு மட்டை. குருத்தோலை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு வருடத்தில் 48,000 வராது. உள்ளதை உள்ளபடி எழுதினோம். மரத்தை விற்றால் கடன் உடனே தீரும், விற்காவிட்டால் தீராது என்றுதான் கொப்பி சொன்னது.

பிறகு கடன் பக்கத்துக்கு வந்தோம். இங்கேதான் பேத்தியின் படிப்பு உதவியது. 1,500 ரூபாவை 52 ஆல் பெருக்கினால் 78,000. எடுத்தது 60,000. வட்டி 18,000. "நூற்றுக்கு முப்பது வீதம்தானே" என்றேன்.

"இல்லை அம்மம்மா. முழு அறுபதினாயிரமும் வருஷம் முழுக்க எங்கட கையில இருக்கேல்ல. கிழமைக்குக் கிழமை முதலும் குறையுது. குறையிற முதலுக்கு வட்டி பார்த்தால் ஐம்பது வீதத்துக்கு மேல போகுது" என்றாள்.

அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு 1,500 ரூபாவிலும் ஏறக்குறைய 1,154 ரூபா முதல், 346 ரூபா வட்டி. அப்படியென்றால் மிச்சம் நிற்கும் 48,000 ரூபாவில் முதல் ஏறக்குறைய 37,000 தான். மற்ற 11,000 ரூபா இன்னும் வராத கிழமைகளுக்கான வட்டி.

"இப்பவே கட்டி முடிச்சால் அந்தப் பதினொராயிரத்தைக் குறைப்பினமோ?" என்று கேட்டாள். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அன்றிரவு மகளும் அந்தக் கொப்பியை இரண்டு முறை வாசித்தாள்.

வியாழக்கிழமை

கிழமைப் பணம் வாங்க வரும் பொடியன் பத்து மணிக்கு வந்தான். கடன் எடுத்த எட்டுப் பெண்களும் எமது வேம்பின் கீழ் கூடுவது வழக்கம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் கட்ட முடியாதவள் தலையைக் குனிந்துகொண்டே இருப்பாள். வன்னியில் யுத்தத்துக்குப் பிறகு இந்தக் கடன்கள் எத்தனை வீடுகளில் கண்ணீரை வரவழைத்தன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் சிறிய நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது.

மகள் அன்று தலை குனியவில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இண்டைக்கே முழுக்கக் கட்டினால் எவ்வளவு கட்டவேணும்?" என்று கேட்டாள்.

அவன் அட்டையைப் பார்த்து, "நாற்பத்தெண்ணாயிரம், அக்கா" என்றான்.

"வட்டி குறையாதோ?"

"இல்லை அக்கா, அது அப்பிடித்தான். முழுக்கக் கட்டவேணும்."

அவனிலும் குற்றமில்லை. அவனும் சம்பளத்துக்கு ஓடும் ஒரு தாயின் பிள்ளைதான். ஆனால் எமக்கு விடை கிடைத்துவிட்டது. நாலு மரத்தையும் விற்று முன்கூட்டியே கட்டினால் மகளுக்குக் காசில் ஒரு சதமும் மிச்சமில்லை. வராத கிழமைக்கும் சேர்த்து வட்டி கட்டியதாகத்தான் முடியும். நெஞ்சுப் படபடப்பு மட்டும் நிற்கும். அந்தப் படபடப்பும் சிறிய விடயமல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதற்கு நாலு பனை விலை அதிகம்.

அந்தப் பொடியன் போன பிறகும் பெண்கள் எழும்பிப் போகவில்லை. மற்றவர்களும் தங்கள் தங்கள் அட்டையை எடுத்துவந்து பேத்தியிடம் கணக்குப் பார்த்தார்கள். ஒருத்தி தான் எடுத்த தொகையை மறந்தே போயிருந்தாள், கிழமைக்குக் கட்டும் தொகை மட்டுமே தெரியும்.

வெள்ளிக்கிழமை

விரத நாள். குளித்து அம்மன் கோவிலுக்குப் போய் வந்தோம். மத்தியானம் முருங்கைக்கீரையும் பூசணிக்காயும் கறி. சாப்பிட்ட பிறகு திண்ணையில் இருந்து முடிவெடுத்தோம்.

பெண் பனைகளை விற்பதில்லை. கிணற்றடியில் சரிந்து நிற்கும் ஆண் பனை ஒன்று, காற்று மழைக்கு வீட்டின் மேல் விழக்கூடியது. அதை மட்டும் கொடுப்பது. வியாபாரி 9,000 ரூபாவுக்குச் சம்மதித்தார். அது ஆறு கிழமைப் பணம்.

அடுத்தது பெட்டி. யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு கடை, மூடியுள்ள சிறிய பெட்டி 60 கேட்டிருந்தது. 2017 புரட்டாதியில் மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் சாப்பாட்டுத் தாளுக்கும் தடை வந்த பிறகு, ஓலைப் பெட்டிக்கு இப்படியான கேள்வி அடிக்கடி வருகிறது. கடைக்காரர் சொன்ன விலை ஒன்றுக்கு 350 ரூபா.

இங்கே உங்களோடு ஒரு விடயத்தை மனம்விட்டுப் பேச வேண்டும். பெட்டிக்கு விலை சொல்லும்போது, ஓலை சும்மா வந்தது, வீட்டில் இருந்துகொண்டுதானே இழைக்கிறீர்கள் என்பார்கள். இழைக்கும் நேரத்தை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கொப்பியில் அதையும் எழுதினோம். ஓலை வார்வதிலிருந்து மூடி பொத்தி முடிப்பதுவரை ஒரு பெட்டிக்கு மூன்று மணித்தியாலம். மகள் வயலில் எட்டு மணித்தியாலம் நின்றால் 1,600 ரூபா. ஒரு மணித்தியாலம் 200. அப்படிப் பார்த்தால் கூலி மட்டும் 600. அதற்குமேல் ஓலை வெட்டுகூலியும் சாயமும் இருக்கின்றன.

பேத்தி தொலைபேசியில் கடைக்காரருக்கு இந்தக் கணக்கை அப்படியே வாசித்தாள். கெஞ்சவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு 500 என்றார். 650 கிடைக்கவில்லை. ஆனால் 350 உம் இல்லை. நாலு வீட்டுப் பெண்கள் பங்கெடுத்தால் ஒரு வீட்டுக்கு 15 பெட்டி, 7,500 ரூபா. எமக்கு அது இன்னும் ஐந்து கிழமைப் பணம்.

சனிக்கிழமை

சீவல் தொழில் செய்யும் அயல் தம்பி விடியவே வந்து குருத்தோலை வெட்டித் தந்தார். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்குமேல் எடுக்க நான் விடமாட்டேன். எடுத்த மரத்தைப் பிறகு கொஞ்சக்காலம் தொடவும் விடமாட்டேன். அடிக்கடி குருத்தெடுத்தால் மரம் தளர்ந்துபோகும்.

முன்னரே காயவைத்திருந்த ஓலையில் அன்று பாடம் தொடங்கியது. பேத்தியும் அயலில் மூன்று பெண்களும் பாயில் வட்டமாக இருந்தார்கள். ஈர்க்கை நீக்குவது, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்வது, சாயம் போட வேண்டியதைக் கொதிநீரில் அவிப்பது, நிழலில் உலர்த்துவது, பதமான ஈரத்தோடு இழைப்பது. காய்ந்தால் ஓலை வெடிக்கும், ஈரம் கூடினால் பெட்டி பிறகு தளர்ந்துவிடும்.

என்னால் இப்போது வார முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எந்த இழை நெகிழ்ந்திருக்கிறது என்று தெரியும். "இதிலை ஒரு இழை தவறிட்டுது, பிள்ளை. பிரிச்சுத் திரும்ப எடு" என்று பேத்தியிடம் சொன்னேன்.

"அம்மம்மாக்குக் கண் தெரியாது எண்டு யார் சொன்னது?" என்று அவள் சிரித்தாள். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் மனவருத்தம் வரவில்லை. குருத்தோலை சிரிப்பதற்குத்தானே காவோலை இவ்வளவு காலமும் மரத்தில் நின்றது.

பேத்தி இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் படிக்க வேண்டும், உத்தியோகம் பார்க்க வேண்டும். ஆனால் கையில் ஒரு தொழில் தெரிந்திருந்தால் எவரும் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் என் கையோடு வந்த சொத்து அது ஒன்றுதான். முகாமிலே ஓலை கிடைத்த இடத்தில் ஒரு தடுக்குப்பாய் இழைத்துத்தான் பிறந்த பேரனைக் கிடத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை

மகளுக்கு வயல் இல்லாத நாள். ஒடியல் கூழ் காய்ச்சினோம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பைப் போக்கி, றாலும் நண்டும் மீனும் போட்டு, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி சேர்த்து, செத்தல் மிளகாயும் புளியும் கரைத்து விட்டோம். பேரன் ஓலையில் பிளா கோலினான். கூழுக்கு பிளாதான் ருசி. பெட்டி இழைக்க வந்த பெண்களும் பிள்ளைகளோடு வந்தார்கள்.

கூழ் குடிக்கும்போது மகள் சொன்னாள்: "அம்மா, பதினொரு கிழமைக்கு வழி தெரியுது. இன்னும் இருபத்தொண்டு இருக்கு."

"ஒடியல் விக்கலாம். உன்ர அரிவு வெட்டுக்காசும் இருக்கு. அதுக்குப் பிறகு இனி எடுக்கிறதெண்டால் எங்கட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில கேட்டுப் பார்ப்பம். வட்டியை முதலே எழுதித் தரச்சொல்லிக் கேட்டு எடுப்பம்" என்றேன். அவள் தலையாட்டினாள். முகத்தில் பாரம் முழுவதும் இறங்கவில்லை. ஆனால் அன்றிரவு அவள் நேரத்துக்கே படுத்து நித்திரையானாள்.

சகோதரிகளே, எமது கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு விற்பதைத் தவிர வேறு வழி இல்லாதிருக்கலாம். அது உங்கள் குற்றமல்ல. ஆனால் விற்பதற்கு முன்னர் மூன்று விடயங்களை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். கட்டி முடிக்க எவ்வளவு, அதில் முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கட்டினால் வட்டி குறையுமா என்பது ஒன்று. விற்கப்போகும் மரமோ மாடோ நகையோ வருடாவருடம் என்ன தருகிறது என்பது இரண்டு. நீங்கள் செய்யும் கைவேலைக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்பது மூன்று. எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கடன் தருபவரிடம் அவர் சட்டப்படி அனுமதி பெற்றவரா என்று கேட்பதற்கும் தயங்க வேண்டாம்.

சரிந்த ஆண் பனையைத் தறித்து ஏற்றிய பிறகு, பேரன் பாத்தியில் மிஞ்சிய முளைகளில் இருபதைப் பொறுக்கிப் பின்வேலி நெடுக ஊன்றினான். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. பனை காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் செல்லும். அவை வடலியாவதையாவது நான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். காய்ப்பதைப் பேரன் பார்க்கட்டும்.